மகவின் நோயும் வினைக்கொள்கையும்

வினைக்கொள்கையைப் போற்றும் நம்மவரிடைப் பலகாலும் நிகழும் வழுவொன்றனை ஈண்டு ஆராயப் புகுகின்றாம். ஐந்தாண்டும் நிரம்பாத இளமகவொன்று புற்றுநோய்வாய்ப் பட்டதெனின், காணவருவார் சிலர், 'பெற்றோர் பாவம் பிள்ளையைப் பற்றிற்று' என்கின்றனர். வேறு சிலர், 'ஊழால் வந்ததற்கு மருந்தால் ஆவதென்னை?' என்கின்றனர். இவ்விருவர் கூற்றும் சித்தாந்தத்திற்கு ஒவ்வா என்பதே எம் துணிபு.

ஓருயிர் செய்த வினையின் பயனை அவ்வுயிரே நுகரும், பிறிதோருயிர் நுகராது. ஆகவே முதற்கூற்று நம் கொள்கையொடு மாறுகொள்வதாம். அற்றேல், அம்மகவின் பழவினை என்னலாமே எனின், எவ்வினை எப்பயனாய் வந்ததென அறிந்து கூட்டுபவன் முதல்வன் ஒருவனே. சிற்றறிவுடைய நாம் அறியாததனை அறிந்தாற்போல் உரைத்து ஒரு தாயின் நெஞ்சைப் புண்படுத்துதல், வாக்கினாற் செய்யும் ஆகாமியமாய் நம்மையே வந்து பற்றும். பிள்ளைகட்கு வரும் புற்றுநோய்களிற் பெரும்பாலன பெற்றோர் செய்ததனாலோ செய்யாது விட்டதனாலோ வருவன அல்ல என்றும், அவை தொற்றுவன அல்ல என்றும் மருத்துவ நூலாரும் தெளிந்துரைக்கின்றனர்.

இனி, ஊழென்று வாளாவிருத்தலும் நம் ஆசிரியர் காட்டிய நெறியன்று. திருக்கொடிமாடச் செங்குன்றூரில் அடியார்களைக் குளிர்சுரம் வருத்தியபோது, ஆளுடைய பிள்ளையார் அதனை வினையென்று விட்டாரில்லை. திருநீலகண்டப் பதிகம் பாடி நோயொழித்தருளினார். திருப்பாச்சிலாச்சிராமத்தில் கொல்லிமழவன் முயலகன் என்னும் நோயுற்ற தன் மகளை இறைவன் திருமுன் கிடத்தியிருந்தபோதும், அவர் திருவுள்ளஞ் சென்றது அவள் துயரின்மேலே. அவள் பழவினையின்மேல் அன்று. வினையை உணர்ந்தோர்க்கு இரக்கம் மிகுமேயன்றிக் குறையாது.

மருந்தும் அருள் நிகழும் வாயிலேயாம். கடிய இரத்தப் புற்றுநோயுற்ற பிள்ளைகள் முன்னாளிற் சில திங்களில் மாண்டனர். 1948-ஆம் ஆண்டு பாஸ்டன் நகரத்து மருத்துவர் சிட்னி பார்பர், அமினாப்டெரின் என்னும் மருந்தினை 16 பிள்ளைகட்குக் கொடுத்ததில் 10 பேருக்கு நோய் சிறிதுகாலம் தணிந்தமையை வெளியிட்டார். அம்மருந்தினை ஆக்கிய குழுவின் தலைவர் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லப்பிரகடா சுப்பாராவ். இன்று செல்வ நாடுகளில் இரத்தப் புற்றுநோயின் பெருவழக்கான வகையுற்ற பிள்ளைகளுட் பதின்மரில் ஏறத்தாழ ஒன்பதின்மர் பிழைக்கின்றனர். வறிய நாடுகளில் அத்தொகை மிகக் குறைவு. நோய் ஒன்றே, வேறுபட்டது உதவியே. நாம் உதவாமையை ஊழின்மேல் ஏற்றுதல் தகுமோ?

இம்மருத்துவம் இரண்டு மூன்றாண்டு நீள்வது. முதல் திங்களளவிலேயே பலர்க்கு நோய்க்குறி உருப்பெருக்கிக்கும் புலப்படாது மறைகின்றது. மகவு விளையாடத் தொடங்கும். நிலத்தை அடகுவைத்த தந்தை, இனிப் போதுமென நினைப்பார். ஆயினும் பெருங்காயம் நீங்கிய கலத்தில் மணம் நிற்றல்போல நோயின் எச்சம் உள்ளே நிற்கும். இடையில் விடின் மீண்டெழும். மலத்தின் வாசனை நீங்குமளவும் அஞ்செழுத்தை விடாது ஓதும் நமக்கு இதனை விளக்கல் வேண்டா.

இந்நெடிய காலத்தைப் பெற்றோர் தனித்துக் கடத்தல் அரிது. தாய் மருத்துவமனையிலிருப்ப, வீட்டில் விடப்பட்ட மூத்த பிள்ளைக்குச் சோறிடுதல், வழிச்செலவு தருதல், இரத்தம் ஈதல், காய்ச்சலுடையார் அம்மகவை அணுகாதிருத்தல் ஆகிய இவை சுற்றத்தார் கடன். தன் குறும்புக்கு வந்த தண்டனை இதுவென இளம்பிள்ளை அஞ்சுதலும் உண்டு. 'உன் குற்றம் ஒன்றுமில்லை, கண்ணே' என்று அதற்குத் தெளிவித்தல் மருந்துக்கு அடுத்த மருந்தாம்.

அற்றேல், இத்துணை முயன்றும் மகவு பிழையாதாயின் என்னை எனின், பயன் இறைவன் கையது. முயற்சி நம் கடன். நோய் தீராவிடத்தும் நோவு தணித்தல் கூடும், அதுவும் செயற்பாலதே. அப்பெற்றோர்பால் வினை பேசாது, உடனிருந்து அழுதலே போதும்.

வினைக்கொள்கை தன் துன்பத்தைத் தான் பொறுத்தற்கு ஒருவன் ஊன்றும் கோல். அதனைக்கொண்டு பிறர் துன்பத்தை அடித்தல் சைவர்க்கு அடாது.