அய்பும் அமானிதமும்

கடை வைத்திருக்கும் நம்மவர் யாவரும் அறிந்த சட்டம் ஒன்றுண்டு: சரக்கில் அய்பு இருந்தால் வாங்குபவரிடம் மறைக்கலாகாது. மய்யித்தைக் குளிப்பாட்டுவோர் அறிந்த சட்டமோ வேறு: கண்ட குறையை வெளியே சொல்லலாகாது. இவ்விரண்டும் ஒரே பொருளில் வந்து மோதினால் என்ன செய்வது?

2007இல் முயிஸ் பத்வாக் குழு அனுமதித்தபின், 2008 ஆகஸ்ட் 1 முதல் சிங்கப்பூர் முஸ்லிம்களும் மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தினுள் வந்தோம். மறுப்பு எழுதிக் கொடுத்தாலன்றி, மௌத்துக்குப் பின் நம் சிறுநீரகமும் ஈரலும் இருதயமும் விழிப்படலமும் பிறருக்குப் பயன்படலாம்.

உறுப்போடு வேறொன்றும் போகிறது. உயிரணுக்களில் டி.என்.ஏ. எனும் எழுத்து வரிசை உண்டு. அதன்மேல் மீதைல் என்ற சிறு குறிகள் ஏறுகின்றன. மதரஸாவில் ஓதியவருக்கு இது எளிது. எழுத்து ஒன்றே, ஜபர், ஜேர், பேஷ் மாறினால் ஓதுதல் மாறும், சுக்கூன் விழுந்தால் அசைவு நிற்கும். மீதைல் குறி விழுந்த இடத்திலும் பெரும்பாலும் மரபணு அடங்கிப்போகும். டி.என்.ஏ.வைப் பைசல்பைட் கரைசலில் இட்டால் குறியில்லாத சைட்டோசின் எழுத்து மாறிவிடும், குறியுள்ளது நிற்கும். பின்னர் வரிசையைப் படித்துக் குறிகளைக் கண்டுகொள்கிறார்கள்.

2018இல் பெல்ஜியத்தின் லூவன் ஆராய்ச்சியாளர்கள், இரத்தவோட்டமின்றி வைக்கப்பட்ட சிறுநீரகத்தில் இக்குறிகள் கூடுவதையும், கூடிய உறுப்பு பின்னாளில் நலிவதையும் எழுதினர். பெறுபவருக்கு வேண்டிய செய்திதான். ஆனால் குறிகள் அத்தோடு நிற்பதில்லை. கொடுத்தவர் புகை பிடித்தவரா, வயது ஏறக்குறைய என்ன என்பதையும் சொல்லிவிடும். வீட்டாருக்கும் தெரியாமல் சுருட்டுப் பிடித்த ஹாஜியாரின் இரகசியம், அவர் கபுருக்குப் போனபின் ஆய்வுக்கூடத்தில் அம்பலம்!

உறுப்பு சரக்கன்று, அதை விற்பதை மார்க்கமும் சட்டமும் தடுத்துள்ளன. ஆயினும் பெறுபவர் தம் உயிரையே ஒப்படைக்கிறார். ஆகவே உறுப்பின் அய்பை அவரிடம் சொல்லியே ஆகவேண்டும். கொடுத்தவரின் அய்பு அவருக்குரியதன்று. புகையே சிறுநீரகத்தைக் கெடுத்திருந்தால்? கேட்டைச் சொல்லட்டும், காரணம் டாக்டரோடு நிற்கட்டும் என்போம். இதில் நமக்கும் முழு நிம்மதி இல்லை.

பெயரை மறைத்தால் போதாதா என்பர் சிலர். சின்ன ஊர் இது. எந்த வாரம் யார் மௌத்தானார் என்பது பள்ளிவாசல் வராந்தாவில் எல்லோருக்கும் தெரியும்.

மேற்சொன்ன சட்டம் மாற்றுச் சிகிச்சைக்கே உரியது. ஆராய்ச்சிக்குத் தனிச் சம்மதம் வேண்டும். அப்பத்திரம் கைக்கு வரும்போது நாம் முதலில் தேடும் வரி இதுவே: குறிகளைப் படிப்பவர், படித்ததை யாரிடம் சொல்லலாம்?