ஏட்டில் ஏற வேண்டியது எது?

முயற்சிக்குக் கணக்கு வைத்துக்கொள்வது மனிதனை உயர்த்துமா, தாழ்த்துமா என்ற வினா சாதகர்களுக்குப் புதியதன்று. செய்த நற்செயலை எண்ணிக்கொண்டிருந்தால் அகங்காரம் வளரும் என்பர் பெரியோர். அதே பெரியோர்தாம் ஜபம் செய்பவன் கையில் 108 மணிகள் கோத்த மாலையையும் கொடுத்தார்கள். எண்ணாதே என்றவர்களே எண்ணும் கருவியையும் தந்தது ஏன்? பூஜையறையில் மட்டும் எழுகின்ற வினா அன்று இது. கணினியிலும் கைபேசியிலும் இன்று லட்சக்கணக்கானோர் ஆடும் சதுரங்கத்தில் இது மிகக் கூர்மையாக எழுகிறது.

1988-ஆம் ஆண்டில் விஸ்வநாதன் ஆனந்த் கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெறும்வரை பாரதத்தில் அப்பட்டம் பெற்றவர் ஒருவரும் இல்லை. 2024 டிசம்பரில் 18 வயது குகேஷ் சிங்கப்பூரில் உலக சாம்பியன் ஆனார். 2025 ஜூலையில் நாக்பூரைச் சேர்ந்த திவ்யா தேஷ்முக் மகளிர் உலகக் கோப்பையை வென்றார். இத்தகைய செய்திகளைப் படித்துவிட்டு, பள்ளி நாட்களோடு மறந்துபோன ஆட்டத்தை மீண்டும் கையில் எடுத்தவர்கள் பலர். தாங்கள் சாம்பியன் ஆகப்போவதில்லை என்பதை அவர்கள் அறிவர். ஆயினும் நேற்றைவிட இன்று சற்று நன்றாக ஆடவேண்டும் என்ற விருப்பம் அவர்களிடம் இருக்கிறது. அது குறைகூறத்தக்க விருப்பம் அன்று.

நாக்பூரிலேயே அப்படி ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். வயது ஐம்பதைக் கடந்தவர், அரசு அலுவலர். காலையில் 20 புதிர்கள் தீர்க்கிறார். இரவில் இணையத்தில் இரண்டு ஆட்டம் ஆடுகிறார். ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள்தோறும் புதிர்களின் எண்ணிக்கை, வெற்றி, தோல்வி ஆகியவற்றை எழுதி, கடைசிக் கட்டத்தில் அன்றைய தரப்புள்ளியைச் சிவப்பு மையால் குறிக்கிறார். உலகத்தார் 'ரேட்டிங்' என்று சொல்லும் அந்த எண்ணைத்தான் அவர் கண் முதலில் தேடுகிறது.

அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதை அறிவது பயன் தரும். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய அர்பாத் ஈலோ, மில்வாக்கி நகரில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். அவர் வகுத்த முறையை 1960-இல் அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பும், 1970-இல் ஃபிடே எனப்படும் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பும் ஏற்றுக்கொண்டன. இணையதளங்கள் இன்று கையாள்பவை பெரும்பாலும் அதன் வழிவந்த முறைகளே. 200 புள்ளி அதிகம் உள்ளவர், 100 ஆட்டங்களில் ஏறத்தாழ 76 புள்ளிகள் ஈட்டுவார் என்று இம்முறை எதிர்பார்க்கிறது. எதிர்பார்த்ததற்கு மேல் ஈட்டினால் எண் ஏறும், குறைந்தால் இறங்கும். இது ஒரு மதிப்பீடு மட்டுமே. தண்ணீரில் மிதந்தாடும் தக்கையின் நிலையை, காற்றில் அசையும் கயிற்றில் கட்டிய அளவுகோலால் அளப்பதற்கு இதை ஒப்பிட்டவர் ஈலோவேதான்!

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. சம பலமுள்ள இருவர் ஆடும்போது பொதுவாக ஒருவர் பெறுவதை மற்றவர் இழக்கிறார். எனவே ஒரு கூட்டத்தில் எல்லோரும் ஒரே அளவு முன்னேறினால், எவருடைய எண்ணும் ஏறாது. மனிதன் மெய்யாகவே வளர்ந்திருப்பான்; சிவப்பு மை அதைச் சொல்லாது. ஓராண்டு உழைத்தும் எண் அசையவில்லையே என்று மனம் உடைபவர், அசைய வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை என்பதை அறிவதில்லை.

சதுரங்கத்தில் பகடை இல்லை. தோற்றவன் விதியை நோக முடியாது. அதனாலேயே தோல்வி ஆழமாகத் தைக்கிறது. 8 புள்ளி இழந்தவர் அதை உடனே மீட்க வேண்டும் என்று அடுத்த ஆட்டத்தைத் தொடங்குகிறார். கோபத்தோடு ஆடுவதால் அதிலும் தோற்கிறார். இரண்டு ஆட்டம் ஆறாகிறது. இரவு பத்து மணி ஒன்றாகிறது. வேறு சிலர் அரிதாக ஏறிய எண்ணைக் காப்பாற்ற எண்ணி ஆடுவதையே நிறுத்திவிடுகிறார்கள். முன்னேறுவதற்காகத் தொடங்கிய கணக்கு முன்னேற்றத்தின் வாயிலை அடைத்துவிடுகிறது. மூன்றாவது ஆபத்து இன்னும் பெரிது. உலக சாம்பியனையே வெல்லக்கூடிய சதுரங்க நிரல் அதே கைபேசியில் இலவசமாகக் கிடைக்கிறது. எதிரே ஆடுபவர் எங்கோ தொலைவில் இருக்கிறார். அறையில் வேறு சாட்சி இல்லை. ஒரே ஒரு நகர்த்தலுக்கு அதைக் கேட்டால் என்ன என்று மனம் கிசுகிசுக்கிறது. எண்தான் பலன் என்று கொண்டுவிட்டவனுக்கு இதற்கு மறுமொழி சொல்வது கடினம். கேட்டுப் பெற்ற நகர்த்தலில் எண் கிடைக்கும், ஆட்டம் கிடைக்காது என்று உணர்ந்தவனுக்கே அது எளிது.

பலனில் உரிமை கொண்டாடாதே என்று கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் பகவான் உபதேசிப்பதை இங்கே நினைப்பது இயல்பு. அப்படியானால் வெல்லும் எண்ணமே இல்லாமல் ஆடவேண்டுமா என்று கேட்கலாம். அது பொருந்தாது. அர்ஜுனனைக் குறிபார்க்காமல் அம்பு விடும்படி பகவான் சொல்லவில்லை. எதிர்த்தரப்பு ராஜாவைச் சிறைப்படுத்துவது ஆட்டத்துக்குள்ளேயே இருக்கும் நோக்கம். அதை முழு மனத்தோடு நாடாதவன் எதிராளியையும் அவமதிக்கிறான். தரப்புள்ளி ஆட்டத்துக்கு வெளியே நிற்பது. முதலாவதில் மனம் குவிகிறது, இரண்டாவதில் சிதறுகிறது. 1900 ஜனவரி 4 அன்று லாஸ் ஏஞ்சலஸ் நகரில் சுவாமி விவேகானந்தர் செயலின் ரகசியத்தைப் பற்றி உரையாற்றினார். குறிக்கோளில் செலுத்தும் கவனத்தை அதை அடையும் வழியிலும் செலுத்த வேண்டும் என்பதே அந்த உரையின் கரு.

ஆகவே எண்ணை விடுத்து முயற்சியை மட்டும் எழுதினால் போதும் என்று பலர் அறிவுரை கூறுவர். இது பாதி உண்மையே. 20 புதிர்கள் என்று எழுதுவதற்காக எளிய புதிர்களாகத் தேர்ந்து விரைந்து முடிக்கும் தந்திரத்தை மனம் ஒரு வாரத்திலேயே கற்றுக்கொள்கிறது. இடைவிடாமல் 100 நாள் ஆயிற்று என்று இணையதளமே பாராட்டும்போது, அந்த நூறு ஒரு புதிய பலனாகிவிடுகிறது. காய்ச்சலில் கிடக்கும் நாளிலும் அந்த வரிசை அறுந்துவிடக் கூடாதே என்று கைபேசியைத் தேடச் செய்கிறது. எண்ணிக்கை ஒருபோதும் தனியே வருவதில்லை. 'எனது' என்பதை அழைத்துக்கொண்டே வருகிறது.

இந்த இடத்தில் சுவாமி சிவானந்தர் வகுத்த ஆன்மிக நாட்குறிப்பு நினைவுக்கு வருகிறது. பத்தமடையில் பிறந்து, மலாயாவில் மருத்துவராகப் பணியாற்றி, ரிஷிகேசத்தில் துறவறம் பூண்டு, 1936-இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவிய அவர், சீடர்களை நாள்தோறும் சில வினாக்களுக்கு விடை எழுதிவரச் சொன்னார். எத்தனை மாலை ஜபம், எவ்வளவு நேரம் தியானம் என்று முயற்சியின் அளவு அதில் கேட்கப்படுகிறது. அதோடு நிற்கவில்லை. எத்தனை முறை பொய் சொன்னாய், எத்தனை முறை கோபம் கொண்டாய், அதற்காக உனக்கு நீயே விதித்துக்கொண்ட தண்டனை என்ன என்றும் கேட்கப்படுகிறது. தியானத்தில் என்ன காட்சி கண்டாய், எந்த நிலையை எட்டினாய் என்ற வினாவை அப்பட்டியலில் காண முடியாது. மருத்துவர் அல்லவா! நோயின் குறிகளைக் கேட்டார். நோயாளி தன்னைப் பற்றி என்ன நினைக்கிறான் என்று கேட்கவில்லை.

கடல் கடந்து வேறொரு காலத்தில் வாழ்ந்த பெஞ்சமின் பிராங்க்ளினும் ஏறக்குறைய இதையே செய்தார். 13 நற்குணங்களைத் தேர்ந்து, வாரத்துக்கு ஒன்றாக ஆண்டுக்கு நான்கு சுற்று பயின்றார். அவர் வைத்திருந்த சிறு ஏட்டில் நற்செயலுக்குக் குறி இல்லை. தவறியபோது மட்டுமே ஒரு கரும்புள்ளி. பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாள் ஓட்டையாகிவிடவே, தந்தத் தகட்டில் பென்சிலால் எழுதி ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டார். சேர்த்துவைத்துப் பார்த்து மகிழ்வதற்கு அங்கே எதுவும் மிஞ்சவில்லை. கர்வத்தை அடக்குவதே எல்லாவற்றிலும் கடினம் என்றும், அதை வென்றுவிட்டதாக எண்ணினால் தன் பணிவைப் பற்றியே கர்வம் கொள்ள நேரும் என்றும் தன் வரலாற்றில் அவர் வேடிக்கையாக எழுதியிருக்கிறார்.

பிராங்க்ளின் சதுரங்கப் பிரியரும் ஆவார். அவ்வாட்டம் கற்பிக்கும் ஒழுக்கங்களைப் பற்றிய அவருடைய கட்டுரை 1786-இல் வெளிவந்தது. இளமையில் இத்தாலிய மொழி பயின்றபோது, உடன் பயின்ற நண்பர் அடிக்கடி சதுரங்கத்துக்கு அழைப்பதால் படிப்பு கெடுவதைக் கண்டார். வென்றவர் தோற்றவருக்கு இலக்கணத்திலோ மொழிபெயர்ப்பிலோ ஒரு வேலை கொடுக்க வேண்டும், இல்லையேல் ஆடுவதில்லை என்று நிபந்தனை விதித்தார். வெற்றியின் கனி தோற்றவனின் கல்வியாக மாறிற்று! தரப்புள்ளி என்ற ஒன்று அப்போது இல்லாதது இருவருக்கும் நல்லதாயிற்று.

போட்டி அரங்கில் ஆடுபவர்கள் தங்கள் நகர்த்தலையும் எதிராளியின் நகர்த்தலையும் தாளில் எழுத வேண்டும் என்பது விதி. சில விதிவிலக்குகள் நீங்கலாக, நகர்த்துவதற்கு முன்னே எழுதிவைக்கவும் கூடாது. செய்ததுதான் ஏட்டில் ஏறும். செய்ய நினைத்தது ஏறாது. இணையத்தில் அந்த வேலையும் ஆடுபவருக்கு இல்லை. குதிரை எப்போது நகர்ந்தது, அதற்கு எத்தனை விநாடி ஆயிற்று என்பதையெல்லாம் இணையதளமே பதிந்துவிடுகிறது. அப்படியிருக்கையில் நோட்டுப் புத்தகம் எதற்கு? இயந்திரத்தால் பதிய இயலாததற்கு. 23-ஆம் நகர்த்தலில் மந்திரி பறிபோனதை அது காட்டும். எதிராளியின் தவற்றைக் கண்டு உள்ளம் துள்ளியதில் அடுத்த கட்டத்தைப் பாராமல் கை ஓடியதை அது காட்டாது. தோற்றதும் எதிராளி வஞ்சகம் செய்திருப்பான் என்று ஆதாரமின்றி மனம் பழித்ததும் அதில் இல்லை.

நாக்பூர் அன்பரின் வயதான தாய் இரவு பத்தரை மணிக்குத் தூக்கம் வராமல் மகனோடு சற்றுப் பேச வருகிறாள் என்று கொள்ளலாம். இணைய ஆட்டத்தை நடுவில் நிறுத்திவைக்க முடியாது, கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். நிமிர்ந்து பார்த்தால் நேரம் போகும். விட்டுக்கொடுத்தால் 8 புள்ளி போகும். "இதோ அம்மா, அஞ்சு நிமிஷம்" என்கிறார் அவர். அவள் திரும்பிப் போய்விடுகிறாள். அந்த ஆட்டத்தை அவர் வென்றும்விடுகிறார். சிவப்பு மையில் அன்றைய எண் உயர்ந்திருக்கும். புதிர்களின் கட்டத்திலும் 20 இருக்கும். தொடர்ந்த நாட்களின் வரிசையும் அறுந்திருக்காது. அந்த ஏட்டின்படி அது மிக நல்ல நாள்.

சிவானந்தரின் பட்டியலில் எழுந்த நேரமும் உறங்கச் சென்ற நேரமும் கேட்கப்படுகின்றன. தன்னலமற்ற தொண்டில் கழித்த நேரமும் கேட்கப்படுகிறது. நாக்பூர் அன்பர் தம் ஏட்டில் சிவப்பு மைக் கட்டத்தை எடுத்துவிட்டு இந்த மூன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆட்டத்தின் நடுவே யார் வந்து நின்றார்கள் என்பதற்கும் ஒரு கட்டம் வேண்டும். புதிர்களுக்கான கட்டம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்; காலையில் புதிர் தீர்ப்பதில் ஒரு தவறும் இல்லை.