வேலனின் கழங்கும் வேதியியலும்: காதலின் காரணம் குறித்து ஒரு சிந்தனை

மெய்ப்பாட்டியல் நடத்திக்கொண்டிருந்த முதுகலை வகுப்பொன்றில் மாணவர் ஒருவர், “இவையெல்லாம் டோபமின் செய்யும் வேலைதானே, ஐயா?” என்று கேட்டார். வகுப்பில் சிரிப்பு எழுந்தது. ஆனால் அவர் கேலிக்காகக் கேட்கவில்லை. உடலில் சுரக்கும் வேதிப்பொருள்களின் விளைவே காதல் என்றால், ஒருவரைத் தேர்ந்து விரும்புதல், அவருக்கு உண்மையாக இருத்தல், கைவிடுதல் ஆகியவற்றை அறத்தின் சொற்களால் பேச இடமுண்டா என்பதே அவர் வினாவின் உட்கிடை. அன்று நான் தந்த விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. அவ்வினாவை அகமரபின் துணையோடு மீண்டும் எண்ணிப்பார்க்க இக்கட்டுரை முனைகிறது.

முதலில் அறிவியல் கூறுவதைக் காணலாம். 1999இல் இத்தாலியில் டொனாடெல்லா மராசித்தி குழுவினர், அண்மையில் காதல்வயப்பட்ட 20 பேர், எண்ணச் சுழற்சி நோயால் வருந்திய 20 பேர், இவ்விரு வகையிலும் சேராத 20 பேர் ஆகியோரின் குருதியை ஆராய்ந்தனர். குருதித் தட்டணுக்களில் செரோடோனினைக் கடத்தும் புரதம் காதலர்க்கும் நோயாளர்க்கும் ஒத்த அளவில் குறைந்திருந்தது. 2005இல் ஆர்தர் ஆரன், ஹெலன் ஃபிஷர், லூசி பிரவுன் முதலியோர், காதலின் தொடக்க நிலையிலிருந்த 17 பேருக்கு அவரவர் விரும்பியவரின் படத்தைக் காட்டி மூளையைப் படமெடுத்தனர். டோபமின் சுரக்கும் நரம்பணுக்கள் மிகுந்த நடுமூளைப் பகுதி கிளர்ந்தது. நாட்டத்தையும் தேடலையும் தூண்டும் பகுதி அது. வியர்வையும் நெஞ்சத் துடிப்பும் நார்அட்ரினலின் சார்ந்தவை. பிணைப்பு நீடிப்பதற்கு ஆக்சிடோசினும் வாசோபிரெசினும் துணைசெய்கின்றன என்பது, இணை பிரியாது வாழும் புல்வெளி வோல் என்னும் சிறு கொறிவிலங்கை வைத்துச் செய்த ஆய்வுகளின் முடிவு.

இச்செய்திகள் இதழ்களில் வரும்போது பெறும் உறுதி ஆய்வுக்கூடத்தில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆக்சிடோசினை ஏற்கும் வாயில் மரபணுத் திருத்தத்தால் நீக்கப்பட்ட வோல்களும் இணை சேர்ந்து பிரியாது வாழ்ந்தன என 2023இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. காதலின் வேகம் ஓரிரு ஆண்டுகளில் அடங்கிவிடும் என்ற பரவலான கூற்றுக்கு மாறாக, சராசரியாக 21 ஆண்டுகள் மணவாழ்வு நடத்தியும் துணைவர்மீது ஆழ்ந்த காதல் உடையோராகத் தம்மைக் கூறிக்கொண்ட 17 பேரிடத்தும் அதே நடுமூளைப் பகுதி கிளர்ந்ததை பியான்கா அசெவெடோ குழுவினர் கண்டனர். எனினும் மாணவரின் வினாவுக்கு இத்திருத்தங்கள் விடையாகா. இன்று தெரியாத வேதிவினை நாளை தெரியவரலாம். முழுவதும் தெரிந்தபின் என்ன சொல்வோம் என்பதே கேள்வி.

உடலைக் கண்டு அஞ்சும் மரபன்று நம்முடையது. நெற்றி வியர்த்தல், முறுவலை மறைத்தல், கூந்தல் அவிழ்தல், காதணியைக் களைதல் எனத் தலைவியின் உடற்குறிகளைப் படிநிலையாக வகுத்தவர் தொல்காப்பியர். ‘மெய்’ என்னும் ஒரு சொல்லே உடலையும் உண்மையையும் குறிக்கும் மொழி இது. உள்ள நிகழ்ச்சி புறத்தார்க்குப் புலப்படும்படி வெளிப்படுதலே மெய்ப்பாடு எனப் பேராசிரியர் விளக்குவார். தலைவன் தலைவியர்க்குரிய பத்துவகை ஒப்பினுள் பிறப்பு, குடிமை, ஆண்டு, அருள், உணர்வு முதலியவற்றோடு காமவாயிலும் ஒன்றாக எண்ணப்பட்டுள்ளது. பத்தினுள் ஒன்று என்பது நோக்கத்தக்கது. அதை விலக்கவுமில்லை, அதுவே முழுமையும் எனக் கொள்ளவுமில்லை.

ஆயினும் நம் வினாவுக்கு மிக நெருங்கிய இடம் மெய்ப்பாட்டியலில் இல்லை, வெறியாட்டில் உள்ளது. மகள் மெலிகிறாள், பசலை பாய்கிறது. காரணம் அறியாத தாய் கட்டுவிச்சியை நாடுகிறாள். இது முருகனால் வந்தது என்று முடிவாகிறது. வேலன் வருகிறான், களம் அமைகிறது. அறிகுறிகள் உண்மை, காரணமே தவறு. இதை நகைச்சுவைக்குரிய காட்சியாக மட்டும் படித்துவிடுவோர் உண்டு. நானும் நெடுங்காலம் அப்படியே படித்தேன். வெறிபாடிய காமக்கண்ணியார் பாடிய அகநானூற்று 98ஆம் பாடலைக் கூர்ந்து நோக்கினால் அச்சிரிப்பு அடங்கிவிடுகிறது. வெறியாடியும் பழைய வனப்பு மீளாவிடின் அலர் எழும் என்று தலைவி கவல்கிறாள். அது எவரும் எதிர்பார்க்கும் கவலை. அடுத்தது அத்தகையதன்று: முருகன் அருளால் வனப்பு மீண்டுவிட்டால் என் செய்வது? தன் துயர்க்குக் காரணம் வேறு எனத் தலைவன் கேள்விப்பட்டால் தான் உயிர்வாழ்தல் அதனினும் அரிது என்கிறாள்.

நோய் தீர்வதையே ஒருத்தி அஞ்சுகிறாள். ஏன்? அந்த நோய் அவனைப் பற்றியது. ‘எதனால் வந்தது’ என்பது ஒரு வினா. ‘யார் பொருட்டு’ என்பது மற்றொன்று. வேலன் முதல் வினாவுக்கு விடை சொல்கிறான். அவ்விடை இரண்டாவதை அழித்துவிடும் என்பதே அவள் அச்சம். வேலன் கூறியது பொய், வேதியியல் கூறுவது மெய், எனவே இவ்வொப்புமை பொருந்தாது என மறுக்கலாம். மறுப்பு நேர்மையானதே. ஆனால் டோபமின் சுரந்தது என்பது உண்மையாயினும், அது எவரைக் கண்டபோது, அவரிடம் எதை மதித்தபோது சுரந்தது என்னும் செய்தி சுரப்பின் அளவில் இல்லை. நட்பில் மகிழ்ந்தாலும் சூதில் வென்றாலும் கிளரும் பகுதிதான் அது.

இவ்விடத்தில் நிறுத்திவிட்டால் வாதம் எளிதில் வென்றதாகத் தோன்றும். அத்துணை எளிதன்று. 1974இல் டொனால்ட் டட்டன், ஆர்தர் ஆரன் இருவரும் கனடாவின் கபிலானோ ஆற்றின்மீதுள்ள தொங்கு பாலத்தில் ஓர் ஆய்வு செய்தனர். ஆடும் அப்பாலத்தில் ஓர் இளம்பெண்ணைச் சந்தித்த ஆடவர், தாழ்வான உறுதியான பாலத்தில் சந்தித்தவரைவிட மிகுதியாகப் பின்னர் அவளைத் தொலைபேசியில் அழைத்தனர். அச்சத்தால் எழுந்த துடிப்பை அவர்கள் கவர்ச்சி எனக் கொண்டிருக்கலாம் என்பது ஆய்வாளர் விளக்கம். ‘யார் பொருட்டு’ என்பதில் காதலரே தவறக்கூடும் என்று இதற்குப் பொருள். தலைவியின் உறுதியும் பிழைக்கு அப்பாற்பட்டதன்று.

அப்படியாயின் எதைக் கொண்டு தெளிவது? தொடக்கத் துடிப்பைக் கொண்டு தெளிய இயலாது என்றே நான் கருதுகிறேன். இதை அகமரபு அறிந்திருந்தது. பொய்யும் வழுவும் தோன்றிய பின்னரே கரணம் வகுக்கப்பட்டது எனத் தொல்காப்பியம் கூறுவது களவின் உணர்ச்சியை ஐயுற்றதாலன்று. உணர்ச்சியைக் கொண்டு பின்னர் நிற்பவனும் உண்டு, மறுப்பவனும் உண்டு என்று கண்டதால். அகநானூற்று 256ஆம் பாடல் கள்ளூரில் நிகழ்ந்த ஒன்றைக் குறிக்கிறது. ஒருத்தியின் நலன் நுகர்ந்தவன் அவளை அறியேன் எனப் பொய்ச்சூள் உரைத்தான். அவையத்தார் உண்மை அறிந்து அவனை மரத்தில் பிணித்து நீறு பெய்து தண்டித்தனர். அவன் வேட்கை தணிந்துவிட்டதா என்பது அங்கு வழக்கே அன்று. அவன் மறுத்த உறவே வழக்கு. வேட்கை தணிதல் எவர்க்கும் நேரும். அதற்கு எவரும் பொறுப்பாகார். அறியேன் என்று சொன்னதற்கு அவனே பொறுப்பு. அவன் மூளையின் படம் அன்று கிடைத்திருப்பினும் அத்தீர்ப்பு மாறியிருக்கும் எனத் தோன்றவில்லை.

மாணவரின் வினா ஏட்டளவில் நிற்பதன்று என்பதையும் இங்குக் கூற வேண்டும். சாதி கடந்து ஒருவரைத் தேர்ந்த மகளிடம் வீட்டார் முதலில் சொல்லும் சொல் ‘வயதுக் கோளாறு’ என்பது. இன்று அதற்கு ‘ஹார்மோன்’ என்ற அறிவியல் ஆடையும் கிடைத்துவிட்டது. அச்சொல் அவள் கூறும் காரணங்களை மறுப்பதில்லை. அவற்றைக் கேட்கத் தேவையில்லை என்று ஆக்கிவிடுகிறது. வேலனின் களத்தில் நடந்ததும் இதுவே. கழங்கு பேசியது, அவளிடம் எவரும் கேட்கவில்லை. தோழி அறத்தொடு நின்ற பிறகே உண்மை அவைக்கு வந்தது. ஆணவக் கொலைகள் தொடர்பான சக்தி வாகினி வழக்கில் உச்சநீதிமன்றம் 2018 மார்ச் 27 அன்று வழங்கிய தீர்ப்பு, வயதுவந்த இருவர் தம்முள் மணம்புரிய முடிவுசெய்தால் குடும்பத்தின், சமூகத்தின், குலத்தின் ஒப்புதல் தேவையில்லை என்றது. அத்தேர்வை அரசியலமைப்பின் 19, 21ஆம் உறுப்புகள் காக்கும் உரிமையாகக் கண்டது. தேர்வு என்ற அச்சொல்லை விட்டுவிட்டு வேதிவினை என்று மட்டும் பேசத் தொடங்கினால், அத்தீர்ப்பு காக்க வேண்டிய பொருளே இல்லாமற் போகும். பெற்றோரின் சினமும் சாதிப் பெருமிதமும் அதே மூளையின் வேதிவினைகள்தாம் என்பதையும் அப்போது மறந்துவிடுகிறோம். வேதியியல் ஏனோ எப்போதும் இளையோர்க்கு எதிராகவே சான்று சொல்ல அழைக்கப்படுகிறது.

தளரும் மணவாழ்வை மருந்துகளால் தாங்கலாமா என்று பிரையன் ஏர்ப், ஜூலியன் சவுலெஸ்கு ஆகிய மெய்யியலாளர் 2020இல் வெளிவந்த தம் நூலில் ஆராய்ந்துள்ளனர். மருந்தால் மீண்ட அன்பு அன்பாகுமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. ஆயினும் உடனே மறுத்துவிட மனமில்லை. நெடுங்காலம் வாழ்ந்த இருவர், பிரியக்கூடாது என்று எண்ணி, ஒருவரறிய ஒருவர் அதை நாடக்கூடும். அம்மாணவர் மீண்டும் வந்து அத்தகைய இருவரைப் பற்றிக் கேட்டால், அவர்கள் உட்கொண்ட மருந்து யாது என்பதைவிட, உட்கொள்வது என்று எப்போது, எதன் பொருட்டு முடிவுசெய்தார்கள் என்பதையே நான் முதலில் கேட்பேன்.