கையிருப்பு எத்தனை நாளுக்கு?

வருமானம் நின்றுபோனால் சேமிப்பு எவ்வளவு காலம் தாங்கும் என்பது வெறும் வகுத்தல் கணக்கு. இருப்பை மாதச் செலவால் வகுக்க வேண்டும். 3 லட்சம் வைத்திருந்து மாதம் 15,000 செலவழிக்கும் வீட்டுக்கு 20 மாதம். 12 லட்சம் வைத்திருந்து 60,000 செலவழிக்கும் வீட்டுக்கும் அதே 20 மாதம்தான். அமெரிக்க வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லரும் செல்வத்தை நாள் கணக்கில்தான் அளந்தார்.

பழனியை அடுத்த பாலசமுத்திரம் போன்ற அடிவாரத்து ஊரில் இந்தக் கணக்கு இன்னும் தெளிவாகும். வருஷச் சாப்பாட்டுக்கு நெல்லை மூட்டை கட்டி வைத்துவிட்டு மிச்சத்தை விற்கிற வீட்டில் அரிசிக் கடைப் பாக்கி கிடையாது. செலவு குறையக் குறைய நாள் கூடுகிறது. தென்னந்தோப்பில் ஒன்றரை மாதத்துக்கு ஒரு வெட்டு என்று வைத்தால், அடுத்த வெட்டு வரை தாங்கினாலே போதும். மூலையில் அடுக்கிய மூட்டையும் வாசலில் குவிந்த காயும் தரும் பணக்கார நினைப்பைப் பாஸ்புக்கில் உள்ள எண் தருவதில்லை. அது கண்ணில் படும் சொத்தின் வேலை.

கண்ணில் படுவதெல்லாம் இருப்பும் ஆகாது. நிலத்தை அவசரத்துக்கு விற்கப் போனால் வில்லங்கம் பார்த்து, பத்திரம் முடிவதற்குள் கையிருப்பு கரைந்துவிடும். ஏலச்சீட்டு இன்னும் வேடிக்கை: எடுக்காதவரை சேமிப்பு, எடுத்தபின் கடன்.

பழனிப் பக்கத்துக்குப் பெரிய சோதனை 2020இல் வந்தது. தைப்பூச வரவு கைக்கு வந்திருந்தது. மார்ச் 25இல் நாடு முழுக்க ஊரடங்கு; பங்குனி உத்திரக் கூட்டம் இல்லை, கோடை விடுமுறைக் கூட்டமும் இல்லை. கோயில் நடை பக்தர்களுக்குத் திறந்தது செப்டம்பர் 1இல். பஞ்சாமிர்தக் கடை, விடுதி, ஆட்டோ என்று பக்தர்களை நம்பிய வீடுகள் ஐந்து மாதத்துக்கு மேல் இருப்பைத் தின்றே ஓட்ட வேண்டியிருந்தது. சீசன் வரவை ஆண்டு முழுக்கப் பரப்பிச் செலவழிக்கும் பழக்கம் இருந்த வீடு தாக்குப்பிடிக்கும். அடுத்த சீசனை நம்பிக் கடன் வாங்கிய வீட்டில் வகுப்பதற்கு இருப்பே இருக்காது.

கடைசிக் கை நகைதான். அந்த ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, நகை மதிப்பில் 75 சதவீதம் வரை என்றிருந்த கடன் வரம்பை 90 ஆக உயர்த்தியது. 2021 மார்ச் வரை அது நடப்பில் இருந்தது. கழுத்தில் கிடந்தவரை ஐந்து பவுன் இருப்பு. அடகுச் சீட்டு பீரோவுக்குள் போன நாளிலிருந்து அதன் வட்டி மாதச் செலவில் சேர்கிறது.