கணக்கும் வெட்கமும்

பாங்கில் மாலைக் கணக்கு உதைத்தால், உதைக்கும் தொகை எவ்வளவு சிறியதானாலும், கண்டுபிடிக்காமல் நான் எழுந்திருக்க முடியாது. அந்தத் தேடலால் உலகில் புதிதாக எதுவும் விளைவதில்லை. இதை உழைப்பு என்று சொல்லலாமா என்பது என் நெடுநாள் சந்தேகம்.

அதைக் கூர்மையாக்கியவை, ஈதரியம் என்ற மின்நாணயத்துக்காகப் பல நாடுகளில் பலர் வீட்டிலேயே பூட்டிய யந்திரங்கள். அலுமினியச் சட்டத்தில் ஆறு கிராஃபிக்ஸ் கார்டுகள், ஒரு மதர்போர்டு, ஓயாத விசிறிகள். விளையாட்டுக்குப் படம் வரையச் செய்த கார்டு இங்கே எதையும் வரையவில்லை. ஓர் எண்ணை மாற்றி மாற்றிப் பொருத்திப் பார்த்தது. விநாடிக்குக் கோடிக்கணக்கான முயற்சிகள். ஏறத்தாழ அத்தனையும் வீண். எப்போதோ பொருந்திய ஒன்றுக்கே பேரேட்டில் அடுத்த பக்கம் எழுதும் உரிமை, கூலி. மனிதன் மீதான நம்பிக்கை நீங்கி, எரிந்த மின்சாரம் சாட்சியாயிற்று. பொய் கட்டுபடியாகாது என்பதே அங்கு நேர்மை.

2022 செப்டம்பர் 15-ல் ஈதரியம் இம்முறையைக் கைவிட்டது. பணயமாக வைத்த நாணயமே இனி சாட்சி. மின்செலவு 99 சதவிகிதத்துக்கு மேல் சரிந்தது. பேரேட்டில் ஒரு வரிகூடக் குறையவில்லை.

அப்படியானால் அவ்வளவு வெப்பமும் வீணா? இல்லை. அது காவல். காவலுக்கு உழைப்பென்று பெயரிட்டதே பிசகு. என் தேடலும் காவல்தான். ஆனால் தவறு என் கையால் நேர்ந்தது. தேடும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. யந்திரத்துக்குச் செலவு உண்டு, வெட்கம் இல்லை. வெட்கமற்ற நேர்மையைத் தார்மீகம் என்று ஒப்ப என்னால் முடியவில்லை.

என் வெட்கமும் ஒருநாள் தேவையற்றுப் போகலாம். அன்றும் கணக்கு உதைக்காது. என் பயம் அதுதான்.