முளையிலே தெரியுமா?

"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்று ஒரு பழமொழி உண்டு. கெட்டிக்காரப் பிள்ளை ஒன்றைப் பார்த்துவிட்டால் போதும், வீட்டுப் பாட்டி முதல் பள்ளிக்கூடத்து வாத்தியார் வரையில் எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். முளையிலே தெரிந்துவிட்டது, சரி; தெரிந்த பிறகு என்ன செய்வது என்பதைப் பற்றிப் பழமொழி வாய் திறக்கவில்லை. அதைப் பற்றித்தான் நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மெதுவாகப் படிக்கும் பிள்ளைக்கு என்ன செய்ய வேண்டும் என்பதில் இன்று நமக்குள் அதிகமான அபிப்பிராய பேதம் இல்லை. அதற்குக் கூடுதலான கவனிப்பு வேண்டும் என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். உடலிலோ, கற்பதிலோ இடர்ப்பாடு உள்ள பிள்ளைகளுக்கென்று சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் வகுப்பை மிஞ்சி ஓடுகிற பிள்ளைக்கு? 'அதற்கென்ன, அது எப்படியும் பிழைத்துக்கொள்ளும்' என்று விட்டுவிடுகிறோம்.

அமெரிக்காவில் பல தொடக்கப் பள்ளிகளில் இத்தகைய பிள்ளைகளுக்கென்றே தனியாக ஓர் ஆசிரியர் இருக்கிறார். அவர்களைப் பரீட்சை வைத்துக் கண்டுபிடிப்பதும், வாரத்தில் சில மணி நேரம் தனியே அழைத்துப்போய்க் கற்பிப்பதும், மற்ற ஆசிரியர்களுக்கு யோசனை சொல்வதும் அவருடைய உத்தியோகம். நம் ஊர்த் தொடக்கப் பள்ளிகளில் அப்படி ஒரு பதவி கிடையாது. இருக்க வேண்டுமா? இருந்தால் அவர் என்ன செய்ய வேண்டும்? இது கல்வி இலாகாவைச் சேர்ந்த கேள்வி மட்டும் அல்ல. தர்மத்தைச் சேர்ந்த கேள்வியும்கூட.

ராஜபாளையத்தை அடுத்த சோழபுரத்துக்கு ஒரு கல்யாணத்திற்காகப் போயிருந்தபோது, அந்தப் பக்கத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருக்கும் நண்பர் ஒருவரைப் பார்க்கப் போனேன். ஒரே அறையில் மூன்று வகுப்புகள். 60 பிள்ளைகள் வரை இருக்கும் பள்ளிக்கு 2 ஆசிரியர்கள் என்பது 2009ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த கணக்கு. வகுப்புகளோ ஐந்து. நண்பர் மூன்றாம் வகுப்புக்குப் பெருக்கல் கணக்குகளைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்புவதற்குள் ஒரு சிறுமி எழுந்து நின்றாள். அவளுடைய தாயார் பஞ்சாலையில் வேலை செய்கிறவள்.

"என்னத்தா, முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன் சார்."

"சரி, கையைக் கட்டிக்கிட்டு உக்காரு."

உட்கார்ந்தாள். சிறிது நேரம் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு யாரும் சொல்லாமலே ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளிடம் போய், ஒரு பயலின் விரலைப் பிடித்து 'அ' எழுத வைத்தாள்.

"இவ இல்லைன்னா எனக்கு ஒண்ணாங் கிளாஸ் ஓடாது" என்றார் நண்பர். "நாளைக்கே ஒருத்தர் வந்து, 'இது அபூர்வமான குழந்தை, நான் தனியா வச்சுச் சொல்லித் தர்றேன்'னு கூட்டிக்கிட்டுப் போனா, நான் சந்தோஷப்படணுமா, வருத்தப்படணுமா? நீங்க கதை எழுதுறவராச்சே, சொல்லுங்க."

ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக மதுரைக்குத் திரும்பும்போது பஸ்ஸில் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். கெட்டிக்காரப் பிள்ளையை நாம் மூன்று விதமாக நடத்துகிறோம். ஒன்று, அதைச் சும்மா உட்கார வைக்கிறோம். இரண்டு, அதை வேலைக்கு வைத்துக்கொள்கிறோம். மூன்று, அதைப் பிரித்து எடுத்துக்கொண்டு போகிறோம்.

முதலாவது வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வேகமாக ஓடியதற்குப் பரிசு, கையைக் கட்டிக்கொண்டு நிற்பது! இரண்டு வருஷத்தில் அந்தக் குழந்தை ஓடாமல் இருக்கக் கற்றுக்கொண்டுவிடும்.

இரண்டாவது வழி நம்முடைய திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை முறை. இதன் கீர்த்தி கடல் தாண்டியும் போயிற்று. சென்னை எழும்பூரில் 1789இல் ஏற்பட்ட அநாதைச் சிறுவர் விடுதிக்குத் தலைவராக இருந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்து அதைத் தம் பள்ளியில் கொண்டுவந்தார். மூத்த பிள்ளைகளைக்கொண்டே இளைய பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வைத்தார். 1797இல் லண்டனில் அதைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். இங்கிலாந்தில் அது 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் பெற்றுப் பரவியது. ஒரே ஆசிரியரைக்கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம், செலவு சொற்பம் என்பது அதன் பெருமை.

பிறருக்குச் சொல்லிக்கொடுக்கும்போது நம் அறிவு துலங்குகிறது என்பது உண்மை. அன்பும் வளர்கிறது. ஆனால் சொற்பச் செலவு என்பது யாருடைய கணக்கில்? அந்தச் சிறுமியின் கணக்கில் அல்லவா? தனக்குத் தெரிந்ததையே தினமும் சொல்லிக்கொண்டிருக்கும் குழந்தை, தனக்குத் தெரியாததை எப்போது சந்திக்கும்? 'கொஞ்சம் அதிகமாகக் கிடைத்தவர்கள் ஊருக்குக் கொடுக்க வேண்டும்' என்று நாம் நீதி பேசலாம். கொடுக்கத்தான் வேண்டும், வளர்ந்த பிறகு. எட்டு வயதுப் பெண் ஊருக்கு எந்தக் கடனும் பட்டவள் அல்ல. ஊர்தான் அவளுக்குக் கடன்பட்டிருக்கிறது.

அப்படியானால் மூன்றாவது வழியே நல்லதா? பொறுக்கி எடுத்து, தனியே வைத்து வளர்ப்பது? இங்கே ஒரு பழைய சோதனையை நினைத்துப் பார்க்க வேண்டும். லூயிஸ் டெர்மன் என்ற மனோதத்துவப் பேராசிரியர் 1921இல் கலிபோர்னியாவில் ஆரம்பித்த ஆராய்ச்சி அது. புத்திக் கூர்மைப் பரீட்சை வைத்துச் சுமார் 1,500 பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, அவர்களுடைய வாழ்க்கையைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார். அவர்களில் பலர் நன்றாகவே வாழ்ந்தார்கள். ஆனால் அந்தப் பரீட்சையில் தேறாமல் ஒதுக்கப்பட்ட பையன்களில் இருவர் வில்லியம் ஷாக்லி, லூயிஸ் அல்வாரெஸ் என்பவர்கள். முன்னவர் 1956இலும் பின்னவர் 1968இலும் பௌதிகத்துக்காக நோபல் பரிசு பெற்றார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட 1,500 பேரில் ஒருவருக்கும் அந்தப் பரிசு கிடைக்கவில்லை. முளையைப் பார்த்துப் பயிரைச் சொல்லுவது அவ்வளவு சுலபமான காரியம் அல்ல.

நம் ராமானுஜனை எடுத்துக்கொள்ளுங்கள். 1897இல் தொடக்கப் பள்ளிப் பரீட்சையில் தஞ்சை ஜில்லாவிலேயே முதலாவதாகத் தேறிய பிள்ளை அவர். அதே பிள்ளை கும்பகோணம் கல்லூரியில் மற்றப் பாடங்களில் தவறி, உபகாரச் சம்பளத்தை இழந்தார். பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. பரீட்சை தேறவில்லை. எந்தப் பரீட்சையை நம்புவது? அவருக்கு உதவியது பரீட்சை அல்ல. 1903இல் கைக்குக் கிடைத்த ஒரு கணிதப் புத்தகம் உதவியது. அதில் ஆயிரக்கணக்கான முடிவுகள் இருந்தன, விளக்கம் அதிகம் இல்லை. பிறகு 1912இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது, அங்கே மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயர், வேலை முடிந்த பிறகு அவரோடு உட்கார்ந்து சிலேட்டில் கணக்குப் போட்டார். கடினமான ஒரு புத்தகம், கூட உட்கார ஒரு மனிதர் — இந்த இரண்டும்தான் அவருக்கு வேண்டியிருந்தன.

நம் பள்ளிக்கூடங்களும் இந்தத் திசையில் கொஞ்சம் நடந்து பார்த்திருக்கின்றன. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பிறகு மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலில், ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏறுவதற்கென்று ஓர் ஏணி இருந்தது. 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தார்கள். பெயரிலேயே ஒரு நியாயம் இருக்கிறது. அரும்பு ஒரு நாள் மலராகலாம். ஆனால் இவற்றின் கவலை எல்லாம் பின்தங்கிய பிள்ளையை மேலே கொண்டுவருவதில்தான். அது நியாயமான கவலை. ஏணியின் கடைசிப் படியில் ஏறி நிற்கும் பிள்ளைக்கு அதற்கு மேல் என்ன என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

ஆகவே நண்பருக்கு என் பதில் இதுதான். அப்படி ஒரு சிறப்பாசிரியர் வரட்டும். பள்ளிக்கு ஒருவர் வேண்டாம், ஒன்றியத்துக்கு ஒருவர் போதும். ஆனால் அவர் அந்தச் சிறுமியை அழைத்துக்கொண்டு வெளியே போக வேண்டாம். அதே அறைக்குள் வந்து உட்காரட்டும். '1 முதல் 100 வரை எழுதினால் 7 என்ற இலக்கத்தை எத்தனை தடவை எழுதுவாய்?' என்று ஒரு கேள்வியைப் போடட்டும். அவளுக்கு மட்டும் அல்ல, எல்லோருக்கும். அவள் யோசிப்பாள், ஒருவேளை தப்பாகவும் சொல்வாள். அன்றுதான் அவளுக்கு உண்மையில் பள்ளிக்கூடம் ஆரம்பமாகும். அதே நேரத்தில் பின் வரிசையில், வாய்ப்பாடு ஒப்பிக்கத் தெரியாத ஒரு பையன் மண்ணில் விரலால் ஏதோ எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பரீட்சையில் அகப்படாத பிள்ளை இப்படித்தான் அகப்படும். பொறுக்கி எடுத்துவிட்டுக் கொடுப்பது வேறு. எல்லோருக்கும் கொடுத்துவிட்டு யார் கை நீட்டுகிறார்கள் என்று பார்ப்பது வேறு. விவசாயி முளையைப் பார்த்துப் பயிரைச் சொல்கிறான் என்றால், வயல் முழுவதற்கும் தண்ணீர் பாய்ச்சிய பிறகுதான் சொல்கிறான்.

'சோறும் கழிப்பறையும் போதிய ஆசிரியரும் இல்லாத இடத்தில் இது ஆடம்பரம் அல்லவா?' என்று சிலர் கேட்கலாம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கேள்விகளை வீட்டிலேயே யாராவது கேட்டுவிடுவார்கள். புத்தகம் இருக்கும், தனி வகுப்பு இருக்கும். பஞ்சாலையில் வேலை செய்கிறவளின் மகளுக்குப் பள்ளிக்கூடத்தை விட்டால் வேறு இடம் இல்லை. ஆகையால் இது ஏழைக்குத்தான் முதலில் வேண்டும்.

அப்படி ஒருவர் நியமிக்கப்பட்டால், வருஷக் கடைசியில் அவரிடம், 'எத்தனை மேதைகளைக் கண்டுபிடித்தீர்கள்?' என்று யாரும் கேட்க வேண்டாம். 'எல்லாம் தெரியும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த எத்தனை பிள்ளைகளைத் "தெரியவில்லையே சார், இன்னும் கொஞ்சம் நேரம் கொடுங்கள்" என்று சொல்ல வைத்தீர்கள்?' என்று கேட்டால் போதும்.