பார்த்திருத்தலும் அறமும்

இயற்கையில் நிகழ்வனவற்றில் கைவைக்காமல் அவற்றைப் பார்த்திருப்பது அறமாகுமா, அல்லது அறத்திலிருந்து ஒதுங்கி நிற்பதாகுமா என்னும் பழைய வினா, நீலகிரி மாவட்டத்து முதுமலைக் காட்டின் 50 ஹெக்டேர் நிலத்தில் நாள்தோறும் எழுந்துகொண்டிருக்கிறது.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தினர், பேராசிரியர் இராமன் சுகுமாரின் முயற்சியில், 1988இல் அந்நிலத்தை நிலையான ஆய்வுப் பரப்பாக, அதாவது அதே மரங்களைத் தலைமுறை கடந்தும் அளந்துவரும் இடமாக, அமைத்தனர். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் ஒரு சென்டிமீட்டரேனும் விட்டமுள்ள ஒவ்வொரு மரத்துக்கும் எண்ணிட்டு, இனமும் இடமும் குறித்தபோது அவை ஏறத்தாழ 26,000 ஆயின. அதுமுதல் மடிந்தவையும் புதிதாக அவ்வளவை எட்டியவையும் ஆண்டுதோறும் பதிவாகின்றன. காட்டுத்தீ இளமரங்களைக் கருக்கியதும், யானைகள் ஒடித்துத் தின்ற கைடியா மரங்கள் பெரிதும் அருகியதும், உண்ணிச்செடி பரவியதும் அப்பதிவுகளில் உள்ளன. தேக்கு நூறாண்டு கடந்தும் வாழக்கூடியது. ஆதலின் முதற்கணக்கு எடுத்தவருட் பலர், காடு எவ்வாறு மாறுகிறது என்னும் தம் வினாவுக்குரிய முழு விடையைக் காணமாட்டார்.

சாங்கியத் தத்துவத்தில் புருடன் என்னும் அறிவுப்பொருள் செயலற்ற சாட்சி. செயற்படுவது பிரகிருதி என்னும் மூல இயற்கை. ஆய்வாளரை அச்சாட்சிக்கு ஒப்பிடத் தோன்றினும், ஒப்புமை முழுதும் நிற்பதில்லை. ஏனெனில் புருடனுக்கு இயற்கையின்பால் கடன் எதுவுமில்லை, ஆய்வாளரோ காடு தரும் நீரை உண்டு வாழ்பவர். உயிர் எதனைச் சார்கிறதோ அதன் தன்மையை ஏற்கும் என்று சைவ சித்தாந்தம் கூறுவதும், அதனைச் 'சார்ந்ததன் வண்ணமாதல்' எனக் குறிப்பதும் இங்கு மிகப் பொருந்துகின்றன. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு காட்டைச் சார்ந்த அறிவு அயலாக நிற்க இயலாது. அவ்வாய்வுப் பரப்பினுள் தலையிடாமையை, மனித விருப்பம் காட்டின் விடையைத் திருத்திவிடாதபடி காக்கும் நோன்பு என்றே கொள்ளவேண்டும். எனினும் அறிந்தது பரப்புக்கு வெளியே காட்டைக் காக்கும் செயலாக மாறாதாயின், அந்நோன்பு வெறும் வேடிக்கையாகிவிடும்.

இக்கடன் முதுமலைக்கு மட்டும் உரியதன்று. விருதுநகர் மாவட்டத்து வன்னியம்பட்டிக்கு மேற்கே எழும் மலைத்தொடரில், சாம்பல் நிற அணில் சரணாலயமும் மேகமலைச் சரணாலயமும் இணைந்து 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் உருவாயிற்று. காப்பகம் என அறிவித்ததோடு கடமை முடிந்துவிடாது. இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரக் கல்லூரிகள் வனத்துறையின் இசைவோடு அம்மலையின் மரங்களையும் முதுமலையிற்போலத் தலைமுறைதோறும் அளந்துவரும் பொறுப்பை ஏற்கவேண்டும்.